சீகை வருவதற்கு முந்திய மலை

நீலகிரித் தோடர்களின் பழைய புகைப்படம் கையில் கிடைத்தால் யாரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அடர்ந்த தாடியோடு நேராக நிற்கும் ஆண், தோளில் சுருள்சுருளாக முடி விழுந்த பெண், இருவர் உடம்பையும் சுற்றிய பூத்துக்குளிப் போர்வை. என் கண் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் மலைக்குப் போகும். அங்கே மரம் நிற்கிறதா, புல் மட்டும்தானா என்று பார்ப்பேன். மலைமுகடு வரை ஒரே புல்லாக இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

இதற்குக் காரணம் நான் பார்த்த வேலை. எனக்குச் சொந்த ஊர் கலவை. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாகப் போனால் வரும் பேரூர். காஞ்சிப் பெரியவர் 1907இல் துறவு ஏற்ற ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதச் சேர்ந்தேன். முதலாளி என்னை உட்கார வைத்தது பட்டைக் கிடங்கில். லாரியில் வரும் பட்டைக் கட்டுகளை எடைபோட்டு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். எங்கள் பக்கத்துத் தோல் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில்தான் பதமானது. ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை பட்டைத் தொட்டிகள் இருந்தன. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறிய அந்த நெடி எங்கள் சட்டையிலேயே இருக்கும். பிறகு வாட்டில் பட்டை வந்தது. முதலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வரத் தொடங்கியது. நீலகிரியில் அந்த மரத்துக்குச் சீகை என்று பெயர். நான் எடைபோட்டது சீகைப் பட்டை.

அது எந்த இடத்தில் வளர்ந்த மரம் என்று அப்போது எங்கள் கிடங்கில் யாரும் கேட்டதில்லை. எனக்கு அதைச் சொன்னது ஒரு புகைப்படம். சென்னையில் பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, தோல் மாதிரிகளோடு பெரியமேட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு நடை போய்வருவேன். அப்படி ஒரு நாள் பழைய புத்தகக் குவியலுக்குள் ஒரு தபால் அட்டை கிடைத்தது. ஊட்டியில் ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு. பீப்பாயை நெடுக்கே வெட்டிக் கவிழ்த்தது போன்ற வீடு, வாசலில் நான்கு பேர், பின்னால் மொட்டை மலை. அதற்குச் சற்று முன்புதான் பட்டை விஷயமாக ஊட்டிக்குப் போய் வந்திருந்தேன். நான் பார்த்த ஊட்டியில் மலையெல்லாம் சீகையும் கற்பூர மரமும். அட்டையில் இருந்தது வேறு மலை. அன்றிலிருந்து சேகரிக்கிறேன்.

இந்தப் படங்கள் எப்படி உண்டாயின என்பதைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். அதற்குப் பிறகு ஊட்டி வெள்ளைக்காரர்களின் கோடை நகரமானது. புகைப்படக்கலை சென்னைக்கு வந்து வேரூன்றியதும் (மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1856இல் தொடங்கியது) ஊட்டிக்கு வரும் துரைமார்கள் நினைவுக்கு வாங்கிப்போகும் பொருளாகத் தோடர் படங்கள் மாறின. நிக்கோலஸ் சகோதரர்களுக்கு மெட்ராஸிலும் ஊட்டியிலும் ஸ்டுடியோ இருந்தது. ஏ.டி.டபிள்யூ. பென் என்பவர் 1870களில் ஊட்டியில் ஸ்டுடியோ நடத்தினார். பிறகு மெட்ராஸின் வீலே அண்டு கிளைன் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் இவற்றைத் தபால் அட்டையாகவே அச்சடித்து விற்றன. கிறிஸ்டோபர் பென் என்பவர் நிக்கோலஸ் சகோதரர்களையும் பென்னையும் பற்றி 2014இல் ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார். சேகரிக்க நினைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

எந்தப் படம் எந்தக் காலத்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தோலைத் தடவிப் பழகிய விரல் எனக்குக் கொஞ்சம் உதவுகிறது. 1850களிலிருந்து 1890கள் வரை பெரும்பாலும் ஆல்புமென் தாள்தான். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிய மெல்லிய காகிதம். தனியாக இருந்தால் சுருண்டுவிடும் என்று கனமான அட்டையில் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சமான இடங்கள் மஞ்சள் ஏறியிருக்கும், பூதக்கண்ணாடியில் காகித நார் தெரியும். அட்டை ஏறக்குறைய இரண்டரை அங்குலத்துக்கு நான்கு என்றால் அது கார்ட் டி விசிட், நாலேகாலுக்கு ஆறரை என்றால் கேபினட் அட்டை. அட்டையின் கீழேயும் பின்னாலேயும் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். அந்த எழுத்துதான் பாதித் துப்பு. பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த படம். விலை குறைவு, ஆனால் அதைத் தள்ளிவிடாதீர்கள். என் தொகுப்பில் நல்ல மலைகள் பல அச்சு அட்டைகளில்தான் இருக்கின்றன.

அதற்குப் பிந்தியவை ஜெலட்டின் படங்கள். கண்ணாடித் தட்டில் ஜெலட்டினைப் பூசும் முறையை 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெளியிட்டார். ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலின் உட்புறச் சவ்வை எங்கள் ஷாப்பில் வழித்துக் குவிப்பார்கள். வஜ்ஜிரம் காய்ச்சுகிறவர்கள் வண்டி கொண்டுவந்து அள்ளிப்போவார்கள். அதே சரக்கின் சுத்தமான வடிவம்தான் உலகம் முழுவதும் புகைப்படத்தைத் தாங்கி நின்றது. சில ஜெலட்டின் ஏன் படத்தைச் சீக்கிரம் பிடிக்கிறது, சில ஏன் மந்தமாக இருக்கிறது என்று கோடாக் கம்பெனிக்கு நெடுநாள் புரியவில்லை. 1920களில் அவர்களுடைய ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு கண்டுபிடித்தார்: மாடு மேய்ந்த கடுகுச் செடி போன்றவற்றிலிருந்து வரும் கந்தகப் பொருள் துளியளவு ஜெலட்டினில் இருந்தால் வெளிச்சத்தை வாங்கும் சக்தி கூடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடு மேய்ந்தது படத்தில் இருக்கிறது! தோல் ஷாப்பில் காலம் கழித்தவனுக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறு என்ன வேண்டும்.

இனி முகத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே ‘தோடப் பெண்கள்’, ‘தோட ஆண்’, ‘தோடர் வணக்கம்’ என்றுதான் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். கடைசியாகச் சொன்னது அப்போது நன்றாக விற்ற காட்சி: இளையவர் மண்டியிட, மூத்தவர் தன் பாதத்தை அவர் நெற்றியில் வைக்கும் தோடர் மரபு. உறவுக்குள் நடக்கும் ஒரு மரியாதையைக் கேமராவுக்கு முன் செய்து காட்டச் சொல்லி எடுத்தார்கள். அந்தப் பாதம் யாருடையது, அந்த நெற்றி யாருடையது என்று எந்த அட்டையும் சொல்லாது. இந்திய மக்களை இனம் இனமாகப் பிரித்துப் படம் காட்டும் எட்டுத் தொகுதிகளை 1868 முதல் 1875 வரை அரசாங்கமே வெளியிட்ட காலம் அது. தோடர்களைப் பற்றிப் பேசும் இரண்டு புத்தகங்கள் 1873இல் வந்தன. ஒன்று நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதி, அவர் இறந்தபின் வெளியானது. இன்னொன்றை மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி எழுதினார். மண்டை ஓட்டின் மேடுபள்ளத்தை வைத்துக் குணத்தைச் சொல்லும் போலி அறிவியலில் அவருக்கு நம்பிக்கை.

பிறகு எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அளவுகோலும் இடுக்கியுமாக ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல ஆட்களைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்ற பயம். தர்ஸ்டனே இதை எழுதியிருக்கிறார், வேடிக்கை போல. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு கேமராவுக்கும் இருந்த உறவை அந்தப் பெண்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதேபோல் ஊட்டிப் பயணக் குறிப்புகளில் தோடர்கள் இனாம் கேட்கிறார்கள் என்ற குறை அடிக்கடி வரும். நின்று காட்டியவர் கூலி கேட்டார், அவ்வளவுதான்.

மானிடவியலாளர் ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 1901–02இல் தோடர்களோடு இருந்து 1906இல் புத்தகம் வெளியிட்டார். மந்து மந்தாக, குலம் குலமாக, யாருக்கு யார் பிள்ளை என்று வம்சாவளி அட்டவணைகள் எழுதினார். அந்தப் புத்தகத்தில் தோடர்களுக்குப் பெயர் உண்டு. பெயர் இருப்பதால்தான் இன்றைக்கும் ஒரு தோடர் இளைஞர் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தன் பாட்டனாரின் பாட்டனாரைத் தேட முடிகிறது.

தோடர் படங்களைத் தேடிப்போனவன் அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரின் படங்களிலும் போய் நின்றேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கும் நடந்தது, எது இங்கே மட்டும் நடந்தது என்று விளங்குகிறது. எட்வர்டு கர்ட்டிஸ் 1904இல் நவஹோ மக்கள் குதிரையில் வரிசையாக நிழலுக்குள் போவதைப் பின்னாலிருந்து எடுத்து, அதற்கு ‘மறைந்துபோகும் இனம்’ என்று தலைப்பு வைத்தார். 1907 முதல் 1930 வரை அவர் வெளியிட்ட இருபது தொகுதிகளில் முதல் தொகுதியோடு வந்த படக்கோப்பிலேயே அந்தப் படம் இருக்கிறது. முழுத் தொகுப்பு ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. ஆனால் அந்தக் குதிரைக்காரர்கள் எங்கும் மறையவில்லை. 1864இல் அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து ஒரு முகாமில் அடைத்தது. 1868இல் உடன்படிக்கை போட்டுத் தங்கள் மண்ணுக்கே திரும்பி வந்தவர்கள் அவர்கள். இன்று 3 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். தோடர்களும் அழிந்துவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் எழுதினார்கள். 1901 கணக்கெடுப்பில் 800 பேர் போல இருந்தார்கள். 2011இல் இரண்டாயிரத்தை ஒட்டி. மறையப்போகிறவர்கள் என்று சொன்னால் படத்துக்கு விலை ஏறும். விற்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

நவஹோ படங்களில் நான் மிகவும் மதிப்பது மனுவெலிட்டோவின் படம். அந்த மக்களின் தலைவர். கடைசிவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர். 1874இல் பேச்சுவார்த்தைக்கு வாஷிங்டன் போனபோது அவரையும் அவர் மனைவி ஹுவானிட்டாவையும் சார்லஸ் பெல் தன் ஸ்டுடியோவில் எடுத்தார். பெயரோடு, காரியத்தோடு, ஆண்டோடு இருக்கும் படம். பக்கத்தில் பெயரில்லாத நூறு படங்களை வைத்தாலும் ஈடாகாது. நம் காலத்தில் வில் வில்சன் என்ற நவஹோ புகைப்படக்காரர் 2012இல் ஒரு வேலை தொடங்கினார். பழைய முறையிலேயே தகரத் தட்டில் படம் எடுப்பார். அசல் தட்டை எதிரில் உட்கார்ந்தவருக்கே கொடுத்துவிடுவார். தனக்கு ஒரு ஸ்கேன் நகல் மட்டும் வைத்துக்கொள்வார். கர்ட்டிஸ் காலத்துக் கணக்கை அவர் தலைகீழாக்கிவிட்டார். அதைப் படித்த பிறகுதான், என் அலமாரியில் இருப்பவற்றின் நகல் மலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது, அது முகம் பற்றியது இல்லை. 1930களில், மண் அரிக்கிறது என்று சொல்லி அமெரிக்க அரசு நவஹோ மக்களின் ஆடுகளையும் குதிரைகளையும் பெருமளவில் குறைத்தது. ஆட்டை நம்பி வாழ்ந்தவர்களின் கையை ஒடித்தது போல் ஆயிற்று. தோடர்களின் எருமையை யாரும் வந்து கொல்லவில்லை. அதன் கீழிருந்த புல்லை எடுத்துவிட்டார்கள். விறகுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலிய மரங்கள் மலையேறின. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை பெரிய அளவில் புல்வெளிகளில் நடப்பட்டது. புல்வெளி என்றால் வெற்று நிலம் என்று காகிதத்தில் கணக்கு. சோலைக்காடும் புல்லும் சேர்ந்துதான் அந்த மலையின் நீர் என்பதும், எருமைக்கும் தோடர்களின் பால்மனைக் கோயிலின் கூரைக்கும் அந்தப் புல்தான் வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. சீகை விதை மண்ணில் பல்லாண்டு கிடந்து முளைக்கக்கூடியது. எங்கள் பக்கம் குரோம் உப்பில் பதனிடும் முறை வந்து பட்டைத் தொட்டிகள் மூடப்பட்ட பிறகும் அது தானாகப் பரவிக்கொண்டே இருக்கிறது. நீதிமன்றம் தலையிட்டு, வனத்துறை இப்போது சில இடங்களில் வெட்டியெடுத்துப் புல்லை மீட்கப் பார்க்கிறது.

நகல்களை எடுத்துக்கொண்டு முதல்முறை ஒரு மந்துக்குப் போனபோது என் மகளும் கூட வந்தாள். திண்ணையில் ஒரு மூதாட்டி பூத்துக்குளியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஏற்றிக்கொண்டிருந்தார். (தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) அவருடைய பேரன் படங்களை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தான்.

“அம்மா, இவங்க யாருன்னு தெரியுதுங்களா?” என்று கேட்டேன்.

“மூஞ்சி தெரியல சார். இது ரொம்ப முன்னாடி. இடம் தெரியுது,” என்று மலையின் விளிம்பில் விரலை வைத்தார். “இந்த மேட்டுக்கு அந்தப்பக்கம்தான் எங்க எருமை போகும். நான் சின்னப் பிள்ளையா இருக்கையில கூடப் புல்லுதான். இப்ப பூராச் சீகை.”

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பட்டை உரிச்சு லாரியில ஏத்துறதைப் பாத்திருக்கோம். எங்க போவுதுன்னு தெரியாது. உங்க ஊருக்குத்தானா?”

“ஆமாம்மா. எங்க ஊருக்கும் வந்தது.”

“செருப்பு தைக்கவா?”

“செருப்புக்கும் ஷூவுக்கும். நிறைய சீமைக்குக் கப்பல்ல போச்சு.”

அவர் கோபப்படவில்லை. அடுத்த படத்தைக் கேட்டார். நாற்பதுகளில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கும் பெண்ணை அடையாளம் கண்டு பெயர் சொன்னார். எந்த மந்துக்காரர், யாருக்கு வாழ்க்கைப்பட்டார் என்பது வரை சொன்னார். பேரன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். நான் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினேன். அந்தப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது.

அந்தப் பேரனோடு இன்றைக்கும் தொடர்பு இருக்கிறது. மலைமுகடு தெளிவாகத் தெரியும் படங்களாகப் பார்த்துப் பெரிய ஸ்கேனாக அனுப்பச் சொல்கிறான். அதே இடத்தில் நின்று கைபேசியில் எடுத்து இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறான். எங்கே புல் இருந்தது என்று பேச வேண்டிய இடத்தில் காட்ட அவனுக்கு ஒரு சாட்சி வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்பு யாரோ ஒரு துரையின் ஆல்பத்துக்காக எடுத்த படம் அவனுக்கு அந்த வேலையைச் செய்கிறது.

சேகரிப்பு என்றால் காசுள்ளவர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் நிலைமையைப் பாருங்கள். கண்ணாடி நெகட்டிவ்களை, மேலிருக்கும் வெள்ளிக்காகச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைத் தனியாக விற்ற ஊர்கள் எத்தனையோ. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சார்பில், ஜோயே ஹெட்லியும் ரமேஷ் குமாரும் 1880களிலிருந்து ஒரு நூற்றாண்டுக் காலத் தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்போய் எண்ணிம வடிவில் பதிந்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. அவர்கள் காப்பாற்றியவை பெரும்பாலும் சாதாரண வீட்டுப் படங்கள்.

எனவே உங்கள் வீட்டிலும் பாருங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ரயில்வேயிலோ தேயிலைத் தோட்டத்திலோ மிலிட்டரியிலோ வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தால், அவர் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு அட்டை இருக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள். ஜெலட்டின் உப்பிப் பிய்ந்துவிடும். லேமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப்பும் ஒட்டும் ஆல்பமும் கூடவே கூடாது. சட்டத்துக் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காமல் அப்படியே விடுங்கள், கண்ணாடிக்கு வெளியிலிருந்தே நிழல் வெளிச்சத்தில் கைபேசியால் எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் பூஞ்சணமாக ஏறும். பின்னால் எழுதுவதானால் மெல்லிய பென்சில். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். யார், எங்கே, எப்போது, படம் யார் மூலம் வந்தது என்று எழுதுங்கள். தெரிந்தது ஒன்று மட்டும் என்றால் அதை எழுதுங்கள்.

படம் நூறாண்டு தாண்டியது என்றால் அதை வெளிநாட்டுக்கு விற்கும் முன் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். என்னிடமும் விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நான் இருக்கும்வரை விற்கப்போவதில்லை. எனக்குப் பிறகு என் மகள் விற்க நினைத்தால் விற்கலாம், அவளிடம் இரண்டே நிபந்தனைகள் சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் ஸ்கேனும் முதலில் அந்த மந்துகளுக்கும் ஊட்டி முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாங்குகிறவர் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை அழிக்கக் கூடாது.